பெல்கிரேட் நியூ வேவ்: எந்த அல்பத்தில தொடங்கிறது, கிற்றார் இல்லாமல் எப்பிடி வாசிக்கிறது?

திருநெல்வேலி_பேஸ்:

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்தில மூண்டு பேர்: பேஸ், ட்ரம்ஸ், ஒரு கிற்றார். பொலிஸ், ஜோய் டிவிஷன், கேங் ஒஃப் ஃபோர் எல்லாம் கேட்டுப் பழகின காது. இப்ப 80களின்ர சேர்பிய நியூ வேவ் (பங்குக்குப் பிறகு வந்த றொக் அலை) பக்கம் போகப் பார்க்கிறம். தேடினால் தலை சுத்துது. ஒரே ஆள் மூண்டு குழுவில வாறார், ஒரே குழு ரெண்டு பெயரில இருக்கு. "சிறந்த பாடல்கள்" எண்டு வாற தொகுப்புகளில ஆண்டு ஒழுங்கே இல்லை.

எந்த அல்பத்தில தொடங்கி எந்த வழியால போகவேணும்? கிற்றாரே இல்லாமல் பேஸும் ட்ரம்ஸும் மட்டும் வைச்சு வாசிச்ச குழு ஒண்டு இருக்கெண்டு சொல்லுகினம், அந்த ஒலியை எங்கட சாமான்களில எடுக்கேலுமோ? எங்களிட்ட இருக்கிறது ஒரு பேஸ் அம்ப், ஒரு சின்ன கிற்றார் அம்ப், ஒரு ஓவர்ட்ரைவ் (ஒலியைக் கரடாக்கிற பெடல்), ஒரு வா பெடல் (காலால அமத்தி ஒலியின்ர நிறத்தை மாத்திறது). வாசிக்கிற அறை ஏறத்தாழ 13 அடிக்கு 10 அடி, சீமெந்துச் சுவர், மேல தகரம்.

நாவலர்வீதி_44:

ஒரு அல்பம்தான் வாசல்: பாக்கெற் அரான்ஷ்மான். 1980இல பெல்கிரேட்டில எண்ட்சோ லெசிச்சின்ர ஸ்ரூடியோவில பதிவாகி, 1981 தொடக்கத்தில சாக்ரெப்பின்ர யூகோத்தோன் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பு. மூண்டு குழு, 11 பாட்டு. ஈடோலிக்கு நாலு, ஷார்லோ அக்ரோபாட்டாவுக்கு நாலு, எலெக்ட்ரிச்னி ஒர்காசத்துக்கு மூண்டு. பாட்டுகளைக் குழு வாரியாப் பிரிச்சு அடுக்கேல்லை, கலந்துதான் அடுக்கியிருக்கினம். முதல் தடவை அந்த ஒழுங்கிலயே கேளுங்கோ. அடுத்த தடவை மூண்டு பட்டியலாப் பிரிச்சுப் போட்டுக் கேளுங்கோ. அப்பதான் இது மூண்டும் ஒரே வகை இசை இல்லையெண்டது காதில ஏறும். நியூ வேவ் எண்ட பெயர் இவையை ஒரு உறையில போட்டதே ஒழிய, ஒலியில ஒண்டாக்கேல்லை.

ஈடோலி பொப் தெரிஞ்ச குசும்பர்கள். "மால்ச்சிக்கி" பாட்டைப் பாருங்கோ, சோவியத் சுவரொட்டியில சிரிச்சுக்கொண்டு வேலைக்குப் போற தொழிலாளியைப் பகிடி பண்ணுது, மெட்டு மட்டும் நல்ல சந்தோசமான மெட்டு. எலெக்ட்ரிச்னி ஒர்காசம் மூர்க்கம்: ஓர்கனும் கத்தலும். அவையின்ர "ஸ்லாத்னி பப்பகாய்" பெல்கிரேட்டில பகட்டுக்காரர் கூடின ஒரு கஃபேயின்ர பெயர், பாட்டு அவையைத்தான் குத்துது. ஷார்லோ அக்ரோபாட்டா மூண்டு பேர். கிற்றாரும் குரலும் மிலான் ம்லாதெனோவிச், பேஸும் குரலும் துஷான் கோயிச் (எல்லாருக்கும் அவர் கோயா), ட்ரம்ஸ் இவான் வ்தோவிச். பங்க், ஸ்கா, றெகே எல்லாம் ஒரே பாட்டுக்குள்ள முட்டுப்படும்.

உங்கட வரிசைக்கு ஷார்லோதான் முதுகெலும்பு. 1980இல தொடங்கி 1981இல உடைஞ்ச குழு. தனியா வெளியிட்டது ஒரே ஒரு முழு அல்பம்: "பிஸ்த்ரியி இலி துப்ளி சோவெக் பீவா காட்" (1981, யூகோத்தோன்). பாக்கெற் அரான்ஷ்மானில இருந்த அதே ஆக்களோ எண்டு சந்தேகம் வரும். மெட்டுகள் உடைஞ்சு, இடைவெளி கூடி, டப் றெகேயின்ர (பேஸ், ட்ரம்ஸ், எதிரொலியை முன்னுக்கு விட்டு மற்றதைக் கழிக்கிற றெகே) வெறுமை உள்ள வந்திருக்கும். முதல் கேட்கையில பிடிக்காது. அதுக்காகத் தள்ளி வைக்காதேங்கோ, பிறகு வந்த ரெண்டு குழுவின்ர விதையும் இதுக்குள்ளதான் கிடக்கு.

உடைவு இப்பிடி. மிலானும் வ்தோவிச்சும் ஒரு பக்கம் போய், முந்தி லிமுனோவோ த்ர்வோ குழுவில மிலானோட இருந்த கிற்றார்காரர் காகி மிஹாய்லோவிச்சைச் சேர்த்து "கத்தரீனா 2" தொடங்கினம். 1982இல கீபோர்ட்டுக்கு மார்கிதா ஸ்தெஃபானோவிச் (மகி) வந்தா. பியானோ முறையாப் படிச்சவ, கட்டடக்கலைப் பட்டதாரியும்கூட. பேஸுக்கு போயான் பெச்சார். 1984இல கத்தரீனா 2 எண்ட பெயரிலயே ஒரு அல்பம் வந்தது. பிறகு காகி விலக, பெயரும் அவரோட போயிட்டுது. மிச்ச ஆக்கள் "எகாத்தரினா வேலிகா" எண்டு மாறினம், சுருக்கமா ஈகேவீ. நீங்கள் கேட்ட ரெண்டு பெயர் குழப்பம் இதுதான். மறுபக்கம் கோயா போய் "டிசிப்ளீனா கிச்மெ" தொடங்கினார். நீங்கள் தேடுற கிற்றார் இல்லாத குழு அது.

ஆகவே வழி: பாக்கெற் அரான்ஷ்மான், ஷார்லோவின்ர 1981 அல்பம், கத்தரீனா 2 (1984), அதோட டிசிப்ளீனா கிச்மெயின்ர "ஸ்வீஜா மி செ தா தி நே பூதெ ப்ரீயாத்னோ" (1983). கடைசி ரெண்டையும் ஒரே நாளில மாறி மாறிக் கேளுங்கோ. ஒரு குழுவை நடுவால வெட்டினால் எந்தப் பாதி எங்க போச்சுதெண்டு தெரியும்.

பலாலிறோட்:

நாவலர்வீதி அண்ணை சொல்லுற வரலாறு சரி. ஆனால் புதுசாக் கேட்கிற ஆளை ஷார்லோவின்ர அல்பத்தில இறக்கினால் மூண்டாம் பாட்டில போனை வைச்சிட்டுப் போயிடுவான். மெட்டுக்குப் பழகின காதுக்கு ஈகேவீதான் முதல். "லியூபாவ்" (1987) எடுங்கோ. இல்லாட்டி "சாமோ பார் கோதினா சா நாஸ்" (1989). மகியின்ர கீபோர்ட் பாட்டைத் தூக்கிக்கொண்டு போகும், மிலானின்ர குரல் மொழி தெரியாட்டியும் பிடிச்சிழுக்கும். அங்கயிருந்து பின்னால போங்கோ: "எஸ் வெத்ரோம் ஊஸ் லீத்செ" (1986), எகாத்தரினா வேலிகா (1985), கத்தரீனா 2. ஒவ்வொரு படியிலயும் ஒலி கொஞ்சம் கொஞ்சமாக் கரடாகும். ஷார்லோவுக்கு வரேக்க காது பழகியிருக்கும்.

கடைசி ரெண்டு ஸ்ரூடியோ அல்பமும், "டும் டும்" (1991), "நெக்கோ நாஸ் போஸ்மாத்ரா" (1993), யுத்த காலத்தவை. அதை இறுதியில வைக்கவேணும். 1994 நவம்பரில மிலான் கணையப் புற்றுநோயால காலமானார், குழுவும் அதோட முடிஞ்சுது. வ்தோவிச் 1992இல, பெச்சார் 1998இல, மகி 2002இல. "எங்களுக்கு இன்னும் சில வருசங்கள் மட்டும்" எண்டு 1989இல அல்பத்துக்குப் பெயர் வைச்ச குழு எண்டதால இணையத்தில இதைச் சுத்திக் கனக்கச் சாபக்கதை எழுதுகினம். கதையை விடுங்கோ, பாட்டைக் கேளுங்கோ.

நாவலர்வீதி_44:

பலாலிறோட் சொல்லுறது கேட்கிற ஆளுக்குச் சரி. இவை வாசிக்கிற ஆக்கள். மூண்டு பேர், பேஸ் முன்னுக்கு, இடைவெளி நிறைய. கீபோர்ட் இல்லாமல் "லியூபாவ்" அல்பத்தை வாசிச்சால் பாதி எலும்பு காணாது. அவைக்கு ஷார்லோ வேணும்.

மற்ற ரெண்டு குழுவையும் விட்டிடாதேங்கோ. ஈடோலியின்ர "ஓட்ப்ரானா இ பொஸ்லெத்ன்யி தானி" (1982) இந்த அலையின்ர ஆகத் துணிவான அல்பம் எண்டு நான் சொல்லுவன். தலைப்பு பொரிஸ்லாவ் பெக்கிச்சின்ர நாவலில இருந்து எடுத்தது. பாட்டுகளுக்குள்ள ஓர்தடொக்ஸ் தேவாலயத்தின்ர வாசம். உறையில புனித நிக்கொலாவின்ர திருவோவியத்தில ஒரு துண்டு. சோசலிச நாட்டில, மால்ச்சிக்கி பாடின பகிடிக்கார ஆக்கள் அடுத்த வருசம் இப்பிடி ஒண்டோட வந்தால் ரசிகர் என்ன செய்வினம்? முழிச்சினம். அதுக்கடுத்த "சோக்கோலாதா" (1983) முழுக்கப் பொப், நல்லா வித்தது. சிலர் அதைத் துரோகம் எண்டுவினம். வ்லாதா திவ்ல்யானின்ர மெட்டுப் போடுற கை அதில ஆக வெளிப்படையாத் தெரியுது எண்டது என்ர அபிப்பிராயம்.

எலெக்ட்ரிச்னி ஒர்காசத்தில முதல் அல்பம் (1981), "லீஷ்செ ப்ரெக்ரீவா லீசபோன்" (1982) ரெண்டும் போதும். ரெண்டாவது பழைய சைக்கெடெலிக் பக்கம் திரும்பினது. 1983இல வந்தது மற்ற ஆக்களின்ர பாட்டுகளை எடுத்து வாசிச்ச அல்பம், அதைக் கேட்டால் குழுத் தலைவர் ஸ்ர்ஜான் கோய்கோவிச், அதாவது கிலே, எதைக் கேட்டு வளர்ந்தவர் எண்டு விளங்கும். 80களின்ர பின்பாதியில அவை நேரான றொக்குக்கு வந்திட்டினம். "இக்ரா றொக்கென்றோல் செலா யூகோஸ்லாவியா" 1988 அல்பத்தில இருக்கு. கொண்டாட்டப் பாட்டுத்தான், ஆனால் நாடு உடைய மூண்டு வருசத்துக்கு முந்தினது.

ஒரு எச்சரிக்கை. தேடேக்க அஸ்ரா, ஃபில்ம், ஹவுஸ்தோர் எல்லாம் சேர்ந்து வரும். அவை சாக்ரெப் (இப்பத்தைய குரொவேசியா) குழுக்கள். பாங்க்ர்த்தி லியுப்லியானா (இப்பத்தைய ஸ்லொவேனியா). எல்லாம் ஒரே காலம், ஒரே நாடு, பல பதிவுகள் ஒரே நிறுவனம். ஆனால் சேர்பியா எண்டு கேட்டால் பெல்கிரேட்டும் நோவி சாட்டும்தான். மிலானே சாக்ரெப்பில பிறந்து சரயேவோவில வளர்ந்து பெல்கிரேட்டுக்கு வந்தவர் எண்டதால இந்தக் கோட்டைக் கனக்க இறுக்கிப் பிடிக்கவும் தேவையில்லை.

கீரிமலை_கை:

வரலாறு போதும், வாசிக்கிறதைக் கதைப்பம்.

கோயாவின்ர வழி என்னெண்டால், பேஸ் தாளத்துக்குத் துணை இல்லை, அதுவே பாட்டு. கீழ்ச் சுரம், கரடான நடு ஒலி, மெட்டு மூண்டும் ஒரே கையால வரும், டிஸ்ரோர்ஷனும் வாவும் போட்டு. பின்னால வந்த பதிவுகளில ட்ரம்பெற்றும் சேர்ந்தது. கேட்கிறதுக்கு "யா இமாம் ஷாரெனெ ஓச்சி" (1985), "ஸ்வி சா ம்னோம்!" (1986) ரெண்டையும் எடுங்கோ. 90களில அவர் லண்டனில இருந்து குழுப் பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டலில மாத்தி நடத்தினார். அந்தக் காலத்துப் பதிவுகள் வேற ஒலி, இப்ப தேவையில்லை.

உங்கட சாமானிலயே செய்யலாம். பேஸை நேர ஓவர்ட்ரைவுக்குள்ள விட்டால் கீழ் ஒலி செத்துப் போகும். பெடலில பிழை இல்லை, கிற்றாருக்குச் செய்த பச்சை நிற ஓவர்ட்ரைவ் வகைகளில ஒலியை நசுக்க முதல் ஏறத்தாழ 720 ஹேர்ட்ஸுக்குக் கீழ உள்ளதைக் குறைக்கிற மாதிரித்தான் சுற்று இருக்கு. பேஸின்ர ஈ தந்தி 41 ஹேர்ட்ஸ். மிஞ்சுறது இரைச்சல் மட்டும்.

அதால ஒலியை ரெண்டாப் பிரியுங்கோ. ஒண்டு சுத்தமா நேர பேஸ் அம்புக்கு, அதில மேல் ஒலியைக் குறைச்சு 200 ஹேர்ட்ஸுக்குக் கீழ உள்ளதை மட்டும் முன்னுக்கு விடுங்கோ. மற்றது வா, ஓவர்ட்ரைவ், கிற்றார் அம்ப். அந்த அம்பில பேஸ் குமிழை முழுக்கக் குறைக்கவேணும். இல்லாட்டிச் சின்ன ஸ்பீக்கரின்ர கோன் கீழ்ச் சுரத்துக்கு முன்னும் பின்னும் கனதூரம் ஓடி, கிழியும் அல்லது கொயில் எரியும். முதலில சுத்தமான அம்பை மட்டும் போட்டு அளவு வைச்சு, பிறகு கரடான ஒலியைக் கீழயிருந்து மெல்ல ஏத்துங்கோ. எல்லாரும் செய்யிற பிழை மறுவளமாச் செய்யிறது. தனியக் கேட்க நல்லா இருக்கும், ட்ரம்ஸ் தொடங்கினவுடன பேஸ் எங்கயெண்டு தேடவேண்டி வரும்.

ரெண்டு அம்பும் சேர்ந்து போடேக்க ஒலி மெலிஞ்சால் ஒண்டின்ர முனை மறுபக்கமா இருக்கு. ஒரு ஸ்பீக்கரின்ர ரெண்டு வயரையும் மாத்திப் பூட்டிப் பாருங்கோ (அம்பை நிப்பாட்டி, பிளக்கைக் கழட்டின பிறகு). "ம்ம்ம்" எண்டு 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வந்தால் ரெண்டு அம்பின்ர எர்த்தும் சுத்துவட்டம் போடுது. ஒரு வழியில தனிப்படுத்தும் ட்ரான்ஸ்ஃபோமர் உள்ள பெட்டி வையுங்கோ, அல்லது ரெண்டு அம்பையும் ஒரே மல்ரி பிளக்கில குத்துங்கோ, பாதிப் பிரச்சினை அதில போயிடும். பிளக்கின்ர எர்த் காலை மட்டும் கழட்டாதேங்கோ. இரைச்சல் நிக்கும்தான், ஆனால் அம்பில ஒழுக்கு வந்தால் மின்சாரம் தந்தியால உங்கட கைக்கு வரும்.

வாவை ஓவர்ட்ரைவுக்கு முன்னுக்கு வைச்சால் ஒலி வாய் திறந்து மூடுற மாதிரி அடக்கமா வரும். பின்னுக்கு வைச்சால் வீச்சம் பெருசு, கெதியா அலுக்கும். முன்னுக்கே வையுங்கோ.

ரெண்டு சுரத்தைச் சேர்த்து அடிக்கிறதை 7ஆம் கட்டைக்கு மேல, டீயும் ஜீயும் தந்தியில மட்டும் செய்யுங்கோ. அதுக்குக் கீழ ரெண்டு சுரமும் ஒண்டை ஒண்டு விழுங்கிச் சேறாகும்.

இப்ப அறை. 13 அடி எண்டால் ஏறத்தாழ 4 மீற்றர். எங்கட வெக்கையில ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் ஓடும். நீளப்பக்கம் ரெண்டு சுவருக்கும் நடுவில அடைபட்டு நிக்கிற அலை 350ஐ 8ஆல (நீளத்தின்ர ரெண்டு மடங்கு) பிரிக்க, 44 ஹேர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழ. ஈ தந்தியில முதல் கட்டை, எஃப், 43.65 ஹேர்ட்ஸ். ஆகவே உங்கட அறையில எஃப் மட்டும் இடி மாதிரி விழும், பக்கத்துச் சுரங்கள் அடங்கிக் கேட்கும். கையில பிழையெண்டு நினைக்காதேங்கோ. அம்பைச் சுவர் மூலையில இருந்து இழுத்து அறையின்ர நீளத்தில மூண்டில ஒரு பங்கில வையுங்கோ, நிலத்தில இருந்து ஒரு அடி உயர்த்துங்கோ. மூலையில பஞ்சு மெத்தை சுத்தி நிப்பாட்டினால் 100 ஹேர்ட்ஸுக்கு மேல உள்ளது அடங்கும், 44ஐ அது தொடாது. அதைக் குறைக்கிறதெண்டால் அம்பின்ர ஈக்யூ (ஒலிப் பட்டைகளைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்கள்) தான். தகரம் கிலுங்கிறது வேற பிரச்சினை, தளர்ந்த ஆணிகளுக்கு றப்பர் வொஷர் போட்டால் முக்கால்வாசி நிக்கும்.

ட்ரம்ஸ்காரருக்கு ஒண்டு. கலியாண வீட்டு பாண்டில பைலா வாசிச்சுப் பழகின கை எண்டால் எட்டாம் பங்குகளை அறியாமலே ஆட்டும். 6/8 உடம்பில ஊறிப்போயிருக்கும். வ்தோவிச்சின்ர அடியில ஹைஹற் நேர்கோடு, ஆட்டம் இல்லை. மெட்ரோனோமை 90இல போட்டு, ஹைஹற்றில எட்டாம் பங்கை மட்டும், வலு இடது வலது வித்தியாசம் இல்லாமல், 5 நிமிசம் அடிக்கச் சொல்லுங்கோ. பிறகு றெகே பகுதிக்கு கிக்கை (காலால அடிக்கிற பெரிய ட்ரம்) மூண்டாம் அடிக்கு மாத்துங்கோ. பங்கில இருந்து றெகேக்குத் திரும்புற இடத்தில வேகம் குறையிறதுதான் வழமையான விழுகை. வேகம் அதேதான், அடிகளின்ர எண்ணிக்கைதான் பாதியாகுது.

கிற்றார்: மேல் மூண்டு தந்தி போதும். அடிச்ச உடன இடக்கை விரலை அமர்த்தாமல் தூக்கி ஒலியை வெட்டவேணும். மிலான் ஷார்லோவில செய்யிறதில பாதி, வாசிக்காமல் விடுறது. பேஸ் நிறைக்கிற இடத்தில கிற்றாரும் நிறைச்சால் ரெண்டும் கெடும். இதுக்கு நேரெதிர் பாடம் வேணுமெண்டால் பார்ட்டிபிரேக்கர்ஸின்ர முதல் அல்பம் (1985), அதில பேஸே இல்லை, கிற்றார் கீழ் ஒலியையும் சுமக்குது. ஒரே ஊரில ஒரு குழு கிற்றாரைத் தூக்கி எறிய, இன்னொரு குழு பேஸை எறிஞ்சிருக்கு.

திருநெல்வேலி_பேஸ்:

மிக்க நன்றி கீரிமலை அண்ணை. எஃப் இடிக்கிறது உண்மைதான், பேஸின்ர கழுத்தைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தம்.

இன்னொண்டு. கனடாவில இருந்து ஒரு பழைய றெக்கோட் பிளேயரும், ஐரோப்பாவில இருந்து நாலைஞ்சு யூகோஸ்லாவிய இசைத்தட்டும் வரப்போகுது. பிளேயர் 120 வோல்ற். ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் போட்டால் சரிதானே? தட்டுகளைத் தெரிவு செய்யேக்க என்ன பார்க்கவேணும்?

ஸ்காபரோ_ஊர்க்காரன்:

ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ற்றேஜை மட்டும்தான் மாத்தும், அதிர்வெண்ணை மாத்தாது. கனடாவில 60 ஹேர்ட்ஸ், ஊரில 50. பழைய பெல்ற் பிளேயர்களில கனக்க ஏசி சிங்க்ரனஸ் மோட்டர், அது மின்சாரத்தின்ர அதிர்வெண்ணோட பூட்டுண்டு சுத்திறது. 60க்குச் செய்ததை 50இல போட்டால் 33⅓ சுத்து வேகம் 27.8 ஆகும், 45 எண்டது 37.5. சுரம் ஏறத்தாழ மூண்டு அரைச்சுரம் கீழ இறங்கும். மிலான் மந்திரம் ஓதிற மாதிரிக் கேட்கும். புதுசாக் கேட்கிற பாட்டெண்டால் அது பிழையெண்டே உங்களுக்குத் தெரியாது, அதுதான் ஆபத்து. அந்த வேகத்தில பேஸ் வரியைப் பழகினால் எல்லாமே வேற சுருதியில படியும்.

அனுப்ப முதல் மோட்டரின்ர வகையைப் பார்க்கச் சொல்லுங்கோ. பிளேயரின்ர அடியில "60 ஹேர்ட்ஸ்" மட்டும் எழுதி, மோட்டரும் ஏசி எண்டால் 50 ஹேர்ட்ஸ் புலி (மோட்டரில பூட்டின, பெல்ற் ஓடுற சின்னச் சில்லு) மாத்தவேணும். புதுப் புலியின்ர விட்டம் பழையதைப்போல 1.2 மடங்கு. சில மொடலுக்குக் கம்பனிப் புலி கிடைக்கும், இல்லாட்டி லேத் பட்டறையில கடைஞ்சு எடுக்கலாம், நடுத்துளை துல்லியமா இருக்கவேணும், கொஞ்சம் விலகினாலும் சுரம் அலையும். டீசி மோட்டர், குவாட்ஸ் டிரெக்ட் டிரைவ் எண்டால் இந்தத் தலையிடி இல்லை, வோல்ற்றேஜை மட்டும் சரிபண்ணினால் போதும்.

சோதிக்கிற முறை: லேபிளின்ர ஓரத்தில ஒரு சின்னக் கடதாசித் துண்டை ஒட்டி, 3 நிமிசத்துக்கு எத்தினை சுத்து எண்டு எண்ணுங்கோ. 100 வரவேணும். 83 வந்தால் அதிர்வெண் பிரச்சினை. 97, 98 எண்டால் பெல்ற் இளகினது, பெல்ற்றை மாத்தினால் சரி.

தட்டு அனுப்பிற ஆளிட்டச் சொல்லுங்கோ, இசைத்தட்டை உள்உறையோட சேர்த்து வெளிஉறைக்கு வெளியில எடுத்து, பின்பக்கமா வைச்சு அனுப்பச் சொல்லி. உள்ள விட்டு அனுப்பினால் வழியில தட்டு ஆடி வெளிஉறையின்ர மேல் தையலைப் பிளக்கும். அட்டை ரெண்டு பக்கமும் வேணும்.

வந்த பிறகு கழுவுறதில ஒரு கவனம். கிணத்துத் தண்ணி கூடாது, குழாய்த் தண்ணியும் கூடாது. யாழ்ப்பாணத்தில எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாற தண்ணி. காய்ஞ்சால் கேத்தில் அடியில படியிற அதே வெள்ளைப் படிவு தட்டின்ர வரி இடுக்கில படியும், பிறகு ஒவ்வொரு சுத்துக்கும் "டிக் டிக்" எண்டும். எண்ணெய்க்கடையில விக்கிற பற்றறித் தண்ணி வாங்குங்கோ (அசிட் இல்லை, சுத்தத் தண்ணி, லேபிளை வாசிச்சு வாங்கோணும்). அது 4 பங்கு, ஐசோப்ரோபைல் அல்கஹோல் 1 பங்கு, ஒரு லீற்றருக்கு வாசனை இல்லாத பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டு துளி. மென்மையான துணியால வரி ஓடுற திசையில துடைச்சு, கடைசியில வெறும் பற்றறித் தண்ணியால ஒருக்கா. லேபிள் நனையக்கூடாது. பழைய 78 வேக அரக்குத் தட்டுகளுக்கு அல்கஹோல் பட்டால் கரையும், அதுக்கு இதைப் பாவிக்காதேங்கோ. தட்டுகளை நிமிர்த்தி வையுங்கோ. படுக்க வைச்சு அடுக்கினால் தகரக் கூரை வெக்கையில வளையும்.

நாவலர்வீதி_44:

தட்டுத் தெரிவுக்குச் சில விசயம். லேபிளில யூகோத்தோன் எண்டு இருந்தால் யூகோஸ்லாவியக் காலத்து அச்சு. குரொவேசியா ரெக்கோட்ஸ் எண்டால் அதே நிறுவனத்தின்ர பெயர் மாறின பிறகு வந்த மறுவெளியீடு. யூகோத்தோன் சின்னம் இருக்கெண்டதுக்காக முதல் வருசத்து அச்செண்டு காசு கூடக் குடுக்காதேங்கோ, நல்லா வித்த தட்டுகளை 80கள் முழுக்கத் திருப்பித் திருப்பி அச்சடிச்சிருக்கினம். பெல்கிரேட் நிறுவனம் பீஜீபீ ஆர்ரிபி, 1993இல பீஜீபீ ஆர்ரிஎஸ் ஆனது. ஈகேவீயின்ர தொடக்கத் தட்டுகள் லியுப்லியானாவின்ர ஸெட்கேபீயில வந்தவை, டிசிப்ளீனா கிச்மெயின்ர முதல் தட்டு அதே நகரத்து ஹெலிடோனில. கேட்கிறதுக்கு வாங்கிறதெண்டால் சுத்தமான மறுவெளியீடு, நல்லாத் தேய்ஞ்ச மூலத்தை விட எப்பவும் மேல். 40 வருசத்துக்கு முந்தி விருந்துகளில மலிவு ஊசியால ஓடின தட்டுகள் இவை. வெளிச்சத்தில பளபளக்கும், உள் வரிகளில இரைஞ்சுகொண்டு கிடக்கும். விக்கிற ஆளிட்ட லேபிள் ரெண்டின்ரையும், கடைசிப் பாட்டு முடியிற இடத்து வரிகளின்ரையும் கிட்டப் படம் கேளுங்கோ. தேய்மானம் அங்கதான் முதலில சாம்பல் நிறமாத் தெரியும்.

தேடுறது இன்னொரு பாடு. சேர்பிய மொழி லத்தீன் எழுத்திலயும் சிரிலிக்கிலயும் எழுதுப்படும், ரெண்டிலயும் தேடவேணும். லத்தீனில கூரைக்குறி போட்ட எழுத்துகளைக் குறி இல்லாமலும் அடிச்சுப் பாருங்கோ. கோடு கீறின டி எழுத்தைப் பலர் டி, ஜே எண்டு ரெண்டு எழுத்தாப் போடுவினம். அதால கிலேயின்ர முதற்பெயரே மூண்டு விதமா வரும். பழைய எம்பீ3 கோப்புகளில ச ஒலிக்கான எழுத்துகள் பிரெஞ்சு எழுத்து மாதிரி மாறி, ஷ, ஷ்ஜ ஒலிகள் சரியாத் தெரியிறதைக் காணுவியள். கோப்பு பழுதில்லை. மத்திய ஐரோப்பிய விண்டோஸ் 1250 குறியீட்டில எழுதினதை மேற்கு ஐரோப்பிய 1252ஆ வாசிக்குது உங்கட பிளேயர், ஷவுக்கும் ஷ்ஜவுக்கும் ரெண்டிலயும் ஒரே இடம் எண்டதால அது தப்புது. ராக் (கோப்புக்குள்ள இருக்கிற பாட்டு விபரக் குறிப்பு) திருத்திற மென்பொருளில குறியீட்டை 1250 எண்டு தெரிஞ்சு, யுனிக்கோட்டாச் சேமியுங்கோ. கையால ஒவ்வொண்டாத் திருத்தத் தேவையில்லை.

கோப்புகளை அடுக்கேக்க கத்தரீனா 2வை ஈகேவீக்குள்ள போடாதேங்கோ, தனிக் குழுவா வையுங்கோ. ஆண்டு எண்ட இடத்தில மறுவெளியீட்டு ஆண்டு வந்து நிக்கும், மூல ஆண்டை நீங்களே போடவேணும். நீங்கள் முதல்ல சொன்ன "ஆண்டு ஒழுங்கே இல்லை" எண்ட முறைப்பாட்டில பாதி அதாலதான்.

பலாலிறோட்:

நோவி சாட்டை ஒருத்தரும் தொடேல்லை. பெக்கின்ஷ்கா பாத்காவின்ர "ப்ளித்கா பொயேசியா" 1980இல வந்த பங்க் அல்பம், பாக்கெற் அரான்ஷ்மானுக்கு முந்தினது. அடுத்த வருசமே "ஸ்த்ராஹ் ஓட் மொனொத்தோனியெ" எண்டு இருண்ட போஸ்ற் பங்குக்குத் திரும்பிட்டினம். ஜோய் டிவிஷன் கேட்கிற ஆக்களுக்கு அது ரெண்டாவதுதான் வேணும். பிறகு லூனாவின்ர "நெஸ்த்வார்னெ ஸ்த்வாரி" (1984). அதில பாடினவர் ஸ்லோபொதான் டீஷ்மா, கவிஞர், பின்னாளில சேர்பியாவின்ர நின் நாவல் பரிசும் எடுத்தவர். பொம்பிளையளின்ர குழு எண்டால் போயெ, 1988 அல்பத்தைத் தயாரிச்சது கோயாதான். பேஸ் ஒலியைக் கேட்டாலே தெரியும்.

பெல்கிரேட்டின்ர அடுத்த வரிசைக் குழுக்களுக்கு "ஆர்த்திஸ்திச்கா ராத்னா ஆக்சியா" (1981), பத்துக் குழு சேர்ந்த தொகுப்பு. பாதி பச்சைக்காய், ஆனால் அதில இருந்த வீஐஏ தலாஸ் 1983இல வெளியிட்ட அல்பம் நல்லது, ஈகேவீக்கு வந்த பேஸ்காரர் பெச்சார் அங்கயிருந்துதான் வந்தவர். 1992இல ஈகேவீ, ஒர்காசம், பார்ட்டிபிரேக்கர்ஸ் ஆக்கள் சேர்ந்து ரிம்துதிதூக்கி எண்ட பெயரில யுத்தத்துக்கு எதிரா ஒரு சிங்கிள் போட்டு, லொறியில ஏறி பெல்கிரேட் தெருவெல்லாம் வாசிச்சுக்கொண்டு போனவை. பி92 வானொலி வெளியிட்டது.

திருநெல்வேலி_பேஸ்:

குறிச்சு வைச்சாச்சு. பிளேயரின்ர அடிப்பக்கப் படம் கேட்டிருக்கிறம், ஏசி மோட்டர் எண்டால் அங்கயே விட்டிட்டு வரச் சொல்லுறம். முதல் பாட்டா ஷார்லோவின்ர "நிக்கோ காவோ யா" எடுக்கலாமோ, இல்லை "ஓனா செ பூதி"யோ?

கீரிமலை_கை:

"ஓனா செ பூதி" எடுங்கோ. முதலில குரல் இல்லாமல் பேஸும் ட்ரம்ஸும் மட்டும், கிற்றார்காரர் பக்கத்தில இருந்து கேட்கட்டும். அது தனிய நிக்கும்வரை அவர் பிளக் குத்தக்கூடாது.